அரசவையின் மறுதொடக்கம்

ஒரு காட்டில் சிங்கம் அரசாண்டது என்று தொடங்கினால், விவரம் தெரிந்தவர்கள் குறுக்கே புகுந்து, நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் ஏது என்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் காட்டிலும் சிங்கம் பிறந்து வளர்ந்ததில்லை. ஆனால் நீதிக்கதைகள் நடப்பதற்குரிய காடாக அது அறிவிக்கப்பட்டுவிட்டபடியால், சிங்கம் இல்லாமல் ஒப்பேற்ற முடியவில்லை. வேறு மாநிலத்திலிருந்து ஒன்றை அயற்பணியில் வரவழைத்து அரியணையில் அமர்த்தியிருந்தார்கள். நரி முன்பு இருந்தது; மாற்றலாகிப் போய்விட்டது. அந்தப் பணியிடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

காட்டின் நடுவில் ஒரு குகை இருந்தது. சித்திரை வெயிலில் வெளிப்பாறை காலைச் சுடும்போதும் குகைக்குள் குளிர் எலும்பைத் தொடும். ஏசி இயந்திரங்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அவ்வளவு உபசாரமும் அங்கே குடிகொண்டிருந்த சர்வர் என்ற பெரிய கணினிக்காக. அந்தக் கோடையில் காட்டிலேயே நிழலுக்கு ஏங்காத ஒன்று உண்டென்றால் அது அந்தச் சர்வர்தான்.

அதைப் பராமரிக்கும் பொறுப்பு தேவாங்கு வடிவாம்பாளிடம் இருந்தது. தேவாங்குகள் இரவில் விழித்துப் பகலில் உறங்கும் குலம். எனினும் அலுவலக நேரம் காலை தொடங்கி மாலையில் முடியும் என்று விதி இருந்ததால், வடிவாம்பாள் தன் குல வழக்கத்தை விண்ணப்பம் எழுதிக் கொடுத்து விட்டுவிட்டாள். அவளுக்கு முன்னால் ஒரு கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்துகள் மட்டும் தெரியும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. வேண்டியதை எழுத்தெழுத்தாகத் தட்டித்தான் கட்டளையிட வேண்டும். அவள் தட்டுவாள், தட்டியதை முதலிலிருந்து ஒருமுறை படிப்பாள், பிறகு விரலை உயர்த்தி, சற்று நிறுத்தி, என்டர் விசையை அழுத்துவாள். மெதுவாகச் செய்கிறாள் என்று அவளைப் பற்றிப் புகார் வந்ததுண்டு. தவறாகச் செய்தாள் என்று வந்ததில்லை.

அந்தச் சர்வர் பார்வைக்கு ஒன்று; உள்ளே இரண்டு. அதன் வயிற்றுக்குள் பலகைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பலகைக்கும் தனி மூளை, தனி நினைவகம். இந்தப் பலகைகள் இந்தப் பகுதிக்கு, அந்தப் பலகைகள் அந்தப் பகுதிக்கு என்று கட்டளை கொடுத்துப் பிரித்துவிட்டால், நடுவில் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று எழுந்துவிடும். ஒரு பகுதி மூர்ச்சையாகி விழுந்தாலும் அடுத்த பகுதி திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே கூரையின் கீழ் தனித்தனிச் சமையலறை வைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகளைப் போல இரண்டும் சண்டையின்றி வாழ்ந்துவந்தன.

முதல் பகுதி அரசவைக்கு உரியது. பலகைகளில் பெரும்பாலானவை அதனிடமே இருந்தன. மன்னரின் கர்ஜனை எத்தனை குன்றுகளில் எதிரொலித்தது என்று கணக்கிடுவது, அதற்கு வந்த பாராட்டுகளைத் தொகுப்பது, தொகுத்ததை மன்னருக்கே அனுப்புவது ஆகியவை அதன் பணிகள். மற்ற பகுதி குளத்துக்கு உரியது. அதற்கு ஒரே ஒரு பணி: தண்ணீர் குடிக்கச் சீட்டு வழங்குவது.

சீட்டு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் குளத்தில் ஒரு முதலை இருந்தது. முன்பெல்லாம் அது கண்டவரையும் கடித்துக்கொண்டிருந்தது. நிர்வாகச் சீர்திருத்தம் வந்தபோது அதைக் குளக் காவலராக நியமித்தார்கள். அன்றிலிருந்து சீட்டு உள்ளவரை அது தொடுவதில்லை. சீட்டு இல்லாமல் தண்ணீரில் வாய் வைத்தவரை விதிப்படி உண்ணுகிறது. பசி அதேதான்; ஆனால் இப்போது அதற்குச் சீருடை உண்டு.

அந்தக் கோடையில் மலைக்கு அப்பாலிருந்த ஓடைகள் வற்றின. அங்கிருந்த விலங்குகளும் இந்தக் குளத்துக்கே வந்தன. குளத்துப் பகுதியோ தன்னிடமிருந்த சொற்பப் பலகைகளோடு மூச்சு வாங்கியது. ஒரு சீட்டு வெளிவருவதற்குள் நிழல் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும். வரிசை குளக்கரையைத் தாண்டி, மூங்கில் புதரைச் சுற்றி, குகை வாசல்வரை நீண்டது.

வரிசையில் நின்ற கடமான் சொர்ணவல்லி ஒருநாள் முற்பகலில் குகைக்குள் தலையை நீட்டினாள். அவளுடைய கொம்பில்லாத தலைக்குக் கீழே, அவள் கால்களுக்கிடையில், பால்குடி மறக்காத ஒரு கன்று நாக்கு உலர்ந்து நின்றிருந்தது.

"அக்கா, ரொம்பக் குளுகுளுன்னு இருக்கே உள்ள," என்றாள் சொர்ணவல்லி. "எங்க பேரு எப்ப வரும்னு அந்த டப்பாவைக் கேட்டுச் சொல்லுங்களேன்."

வடிவாம்பாள் கட்டளையைத் தட்டினாள், படித்தாள், அழுத்தினாள். திரையில் வந்த விடையையும் படித்தாள். "நாளை மாலை வரலாம், அம்மா."

"நாளை மாலையா? என் மடியில பால் வத்தி நேத்தே ஆச்சு. நான் தண்ணி குடிச்சாத்தான் இதுக்குப் பால். நாளைக்குச் சாயங்காலம் இது கண்ணு தொறந்திருக்குமான்னு அதையும் கேட்டுச் சொல்லுங்க."

வடிவாம்பாள் திரையை விட்டுக் கன்றைக் குனிந்து பார்த்தாள்.

"முந்தாநாள் பாவம், அந்தக் காட்டுப்பன்றி பொறுக்கமாட்டாம போய் வாய் வெச்சுது," என்றாள் சொர்ணவல்லி. "முதலை, 'சீட்டு இருக்கா'ன்னு மரியாதையாத்தான் கேட்டுது. ரெண்டாவது தடவை கேக்கல. நானும் போய் வெச்சுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். இன்றைக்குள் ஏதாவது செய்கிறேன்."

"என்ன செய்வீங்க?"

"அரசவையிடம் சும்மா கிடக்கும் பலகைகளில் ஒன்றை எடுத்துக் குளத்துக்குக் கொடுக்க வேண்டும். கட்டளைகள் மிகச் சிறியவை. ஒன்று விடுவிக்க, ஒன்று சேர்க்க. சேர்ப்பதற்கு எதையும் நிறுத்த வேண்டியதில்லை. எடுப்பதற்கு மட்டும் அரசவைப் பகுதியைக் கொஞ்சநேரம் நிறுத்தித் தொடங்க வேண்டும்."

சொர்ணவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அரசவையை நிறுத்தப் போறீங்களா? அக்கா, பன்றிக்குத் துணையா நீங்களும் போறதா முடிவு பண்ணிட்டீங்க போல."

அரசவையின் தலைமைச் செயலர் கரடி நாகசுந்தரம். வடிவாம்பாள் சென்றபோது அவர் ஒரு தேனடையைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கெட்டவர் அல்லர், குளத்து வரிசை குறைய வேண்டும் என்றுதான் அவரும் விரும்பினார். ஆனால் விருப்பம் வேறு, ஆணையின் வாசகம் வேறு என்பதை உணர்ந்தவர்.

"பலகை எடுக்கறதுல பிரச்சினை இல்லம்மா," என்றார். "'நிறுத்தறது'ன்னு மட்டும் சொல்லாதீங்க. 'அரசவை நிறுத்தப்படும்'னு நான் எழுதி, கீழ கையெழுத்தும் போட்டா, என்னை எங்க நிறுத்துவாங்கன்னு உங்களுக்கே தெரியும். 'அரசவைப் பகுதி புத்துணர்வு பெறும்'னு போட்டுக்கறேன்."

"போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. இயந்திரத்துக்கு வாசகம் பொருட்டில்லை."

"விழாவா வெச்சுடலாம். மன்னரே வந்து அழுத்தட்டும். 'குளத்து வரிசை குறையுமாறு ஆவன செய்க'ன்னு முடிச்சுடறேன். சரி, எந்தப் பகுதியிலேர்ந்து எந்தப் பகுதிக்கு? நம்பர் சொல்லுங்க."

"சுழியத்திலிருந்து ஒன்றுக்கு."

கரடியின் நகம் தேனடையில் அப்படியே நின்றது. "சுழியம்னா?"

"அரசவைப் பகுதியின் எண் சுழியம், ஐயா. குளத்துப் பகுதியின் எண் ஒன்று."

"சைபரா?"

"ஆம். இந்த இயந்திரம் சுழியத்திலிருந்துதான் எண்ணும். முதலில் அமைத்தது அரசவைப் பகுதி. அதனால் அதற்குச் சுழியம்."

நாகசுந்தரம் எழுந்து வாசலுக்குப் போய் யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பினார். "மன்னரை சைபர்னு எழுதி, அதை மன்னர்கிட்டயே நீட்டச் சொல்றீங்க. குளத்துல பன்றி குடிக்கிற பகுதிக்கு ஒண்ணு. மன்னருக்கு சைபர். ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க?"

"எண்ணை மாற்ற முடியாது, ஐயா. பெயரை வேண்டுமானால் மாற்றலாம்."

"பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நம்பர்தான் உதைக்குது. நான் அரசவை ஒண்ணு, குளம் சைபர்னு போட்டுடறேன். இயந்திரம் புரிஞ்சுக்கும்."

"புரிந்துகொள்ளாது. நீங்கள் எழுதியபடி தட்டினால், ஒன்றாம் பகுதியிலிருந்து ஒரு பலகையைப் பறித்துச் சுழியத்துக்குக் கொடுத்துவிடும். குளத்திடம் இருப்பதும் போய்விடும். சீட்டு அடியோடு நின்றுவிடும்."

"அப்ப நீங்க சரியா தட்டுங்களேன்."

"ஆணையில் ஒன்று, கட்டளையில் வேறொன்றா?"

"அது முடியாது," என்று நாகசுந்தரம் ஒப்புக்கொண்டார். "நானே பக்கத்துல நின்னு எழுத்தெழுத்தா ஒத்துப் பாக்கணும்னு விதி இருக்கு." சிறிதுநேரம் யோசித்துவிட்டு, இனி யோசிப்பது தம் பதவிக்கு அழகல்ல என்பதுபோல் ஆணையில் முத்திரையைக் குத்தினார். அரசவை ஒன்று, குளம் சுழியம்.

நண்பகலில் விழா தொடங்கியது. குகையின் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மன்னர் வந்தார். அவருக்குப் பின்னால் படைத்தலைவர் சிறுத்தை வந்தார். மன்னர் செய்வதையெல்லாம் உரக்க அறிவிப்பதற்காக நியமிக்கப்பட்டிருந்த கிளியும் வந்தது. வரிசையில் நின்றவர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுள் சொர்ணவல்லியும் ஒருத்தி. கன்று இப்போது நிற்கவில்லை. குகையிலிருந்து கசிந்த குளிர்காற்றில் வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்திருந்தது.

மன்னரின் ஒரு கால் கீபோர்டு முழுவதையும் மூடிவிடும் என்பதால், எழுத்துகளை வடிவாம்பாள் தட்டுவது, கடைசி விசையை மட்டும் மன்னர் அழுத்துவது என்று ஏற்பாடாகியிருந்தது. அவள் முதற்சொல்லின் பாதியில் இருந்தாள். மன்னருக்குப் பொறுமை இல்லை. அழுத்திவிட்டார்.

திரை நிரம்பியது. கட்டளை முழுமையாக இல்லை, இன்ன இன்ன விவரங்கள் தேவை, அவற்றை இன்ன வரிசையில் தர வேண்டும் என்று இயந்திரம் வரிக்குமேல் வரியாக எழுதித் தள்ளியது.

"ஆயிற்று மன்னா!" என்றது கிளி.

மன்னரின் பிடரி சிலிர்த்தது. "எம் விரல் பட்டவுடன் எவ்வளவு பேசுகிறது! என்ன சொல்கிறது?"

"கட்டளையை எப்படி இடுவது என்று விளக்குகிறது, மன்னா," என்றாள் வடிவாம்பாள். அது உண்மை.

"பணிவான இயந்திரம்," என்றார் மன்னர். "மீண்டும் தொடங்கு."

நாகசுந்தரம் ஆணையை விரித்துப் பிடித்துக்கொண்டு படித்தார். "விடுவி. பகுதி ஒன்று."

வடிவாம்பாள் 'விடுவி' என்பதைத் தட்டினாள். எண் வரவேண்டிய இடத்தில் அவள் விரல் நின்றது. அவள் தயங்குவதைக் காடு அதற்குமுன் பார்த்ததில்லை. மெதுவாகச் செய்வதற்கும் தயங்குவதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் அப்போது தெரிந்தது. ஒன்று என்று தட்டினால் ஆணைப்படி சரி. வாசலில் படுத்திருக்கும் கன்று மாலையைப் பார்க்காது. சுழியம் என்று தட்டினால் கரடி கண்டுபிடிப்பார். காரணம் கேட்பார்கள். காரணம் ஒரே சொல். அந்தச் சொல்லுக்கு மன்னரின் காதருகில் இடமில்லை.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார் மன்னர்.

"மன்னா, ஆணையில் அரசவைக்கு எண் ஒன்று என்றிருக்கிறது. இயந்திரத்தில் அப்படியில்லை."

நாகசுந்தரம் கண்களை மூடிக்கொண்டார்.

"இயந்திரத்தில் எம் எண் என்ன?"

வடிவாம்பாள் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒருமுறை முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஒன்று என்பது எண்ணிக்கையில் வருபவர்களுக்கு உரியது, மன்னா. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லோரும் வரிசையில் வருவார்கள். இந்த இயந்திரம் அந்த வரிசையைத் தொடங்குவதற்கு முன்பே தங்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. ஒன்று தங்களுக்குப் பின்னால்தான் வருகிறது. அந்த இடத்துக்குச் சுழியம் என்று பெயர்."

அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

"ஒன்றுக்கு முன்னால்," என்றார் மன்னர் மெதுவாக. "அப்படியானால் எம்மை யாரும் எண்ண முடியாது."

"எண்ணத் தொடங்கும்போது தாங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள், மன்னா."

மன்னரின் மீசை மயிர்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. அவர் கரடியைத் திரும்பிப் பார்த்தார். "நாகசுந்தரம், எம்மை ஒன்று என்று எழுதியவர் யார்? குளத்துப் பகுதியோடு எம்மை வரிசையில் நிறுத்த நினைத்தவர் யார்?"

"எழுத்தர் பிழை, மன்னா," என்ற நாகசுந்தரம், எழுத்தர் பணியிடமும் காலியாக இருப்பதை நினைத்து நிம்மதியுற்று, அங்கேயே நின்று ஆணையைத் திருத்தினார்.

படைத்தலைவர் சிறுத்தை வடிவாம்பாளின் அருகில் நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஏதாவது பாருங்கம்மா. மைனஸ் ஒண்ணு கிடைக்குமா?"

"இயந்திரத்தில் அந்த எண் இல்லை, ஐயா."

"கேட்டுப் பாத்தீங்களா?"

இம்முறை வடிவாம்பாள் கட்டளையை முழுவதும் தட்டும்வரை மன்னர் காத்திருந்தார். சுழியத்திலிருந்து ஒரு பலகையை விடுவி. அழுத்தினார். திரையில் புதிய வரியொன்று பிறந்து, முனையில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

"என்ன சொல்லிற்று?"

"ஒன்றும் சொல்லவில்லை, மன்னா."

"முன்பு அவ்வளவு பேசியதே!"

"தவறு இருந்தால்தான் இது பேசும். சரியாக நடந்தால் பேசாது."

அரசவையினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வழக்கம் இதற்கு நேர் எதிர். சரியாக நடக்கும்போது ஓயாமல் பேசுவார்கள். தவறு நடக்கும்போதுதான் யாரும் வாயைத் திறப்பதில்லை. இப்படியொரு ஜீவனைத் தம் நடுவில் வைத்துக் குளிர்காற்றும் போட்டுக் காப்பாற்றியிருக்கிறோமே என்ற திகைப்பு எல்லா முகங்களிலும் தெரிந்தது.

"ஆயிற்று மன்னா!" என்றது கிளி. திகைப்பு நீங்கியது.

அடுத்தது புத்துணர்வு. மன்னர் அழுத்தினார். அரசவைப் பகுதியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன. பின்பு ஒரேயொரு விளக்கு மட்டும் மஞ்சளாக எரியத் தொடங்கியது. இயந்திரம் தன் நினைவகத்தைச் சோதிக்கலாயிற்று. எவ்வளவு நினைவகம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் ஆகும். அரசவைக்கு நிரம்ப இருந்தது. மன்னர் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மதிய உணவுக்குப் புறப்பட்டார். அரசவை மொத்தமும் பின்னால் போயிற்று.

விடுபட்ட பலகையை வடிவாம்பாள் குளத்துக்குச் சேர்த்தாள். இயந்திரம் பேசவில்லை. சற்றுநேரத்தில் குளக்கரையிலிருந்து சீட்டுப்பெட்டியின் சத்தம் கேட்டது. இருமிக்கொண்டிருந்தது இப்போது சளசளக்கத் தொடங்கியிருந்தது. வரிசை அசைந்தது. நிழல் அடுத்த மரத்தைத் தொடும் முன்பே சொர்ணவல்லி திரும்பி வந்தாள். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. கன்று அவள் மடியில் முட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, வந்துடுச்சு! முதலை சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துது. மூஞ்சியில அவ்வளவு ஏமாத்தம்," என்றாள். "ஆனா மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து இன்னும் கூட்டமா வருது. இன்னைக்குத் தாங்கும். நாளைக்கு?"

வடிவாம்பாள் திரையைப் பார்த்தாள். சோதனை முடிந்திருந்தது. அரசவைப் பகுதி தயார், தொடங்கலாமா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரி காத்திருந்தது.

அவள் விரலை 'ஆம்' என்பதற்கு உயர்த்தினாள். வழக்கம்போல் சற்று நிறுத்தினாள். நிறுத்தியதுதான் வினை. அந்த இடைவெளியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. ஓடிக்கொண்டிருக்கும் பகுதியிலிருந்து பலகை எடுக்க ஆணை வேண்டும், விழா வேண்டும், தோரணம் வேண்டும். நின்றிருக்கும் பகுதியிலிருந்து எடுக்க ஒரு கட்டளை போதும். ஆம் என்று சொல்லிவிட்டால் நாளைக்கு மறுபடியும் கரடி, மறுபடியும் சிங்கம். சொல்லாவிட்டால் எதுவும் இல்லை. எப்போது பதில் சொல்ல வேண்டும் என்று இயந்திரம் கேட்கவில்லை. ஆணையோ, வரிசை குறையுமாறு ஆவன செய்க என்கிறது.

அவள் விரலை இறக்கினாள். இன்னொரு பலகையை விடுவித்துக் குளத்துக்குச் சேர்த்தாள். இயந்திரம் மௌனமாக இருந்தது. சரியாக நடந்திருக்கிறது.

அடுத்துவந்த நாள்களில் காடு வழக்கம்போல் இயங்கியது. பறவைகள் கூவின, மந்திகள் சண்டையிட்டன, எவருக்கும் எந்த ஆணையும் வரவில்லை. வராததை எவரும் கவனிக்கவில்லை. மன்னர் கர்ஜித்தால் குன்றுகள் எதிரொலித்தன; கணக்கிட ஆளில்லை என்பதற்காக அவை ஓயவில்லை. அவ்வப்போது அவர் குகைப்பக்கம் வந்து, "ஆயிற்றா?" என்பார்.

"மறுதொடக்கம் நடந்துகொண்டிருக்கிறது, மன்னா," என்பாள் வடிவாம்பாள்.

"ஆயிற்று மன்னா!" என்று கிளி சேர்த்துக்கொள்ளும்.

மன்னர் திருப்தியோடு போய்விடுவார். எதற்காகக் காத்திருக்கிறது என்று அவர் கேட்டிருந்தால் வடிவாம்பாள் சொல்லியிருப்பாள். அவள் பொய் பேசுபவள் அல்லள். அவர் கேட்கவில்லை.

கேட்டவர் நாகசுந்தரம்தான். ஒரு பிற்பகலில் குளிருக்காக ஒதுங்கியவர் திரையைப் படித்துவிட்டார். "இது என்னம்மா, ஏதோ கேள்வி கேட்டுட்டு நிக்குது?"

"தொடங்கலாமா என்று கேட்கிறது, ஐயா."

"யார் பதில் சொல்லணும்?"

"அனுமதி உள்ளவர்."

"எனக்கு அனுமதி உண்டா?"

"தெரியவில்லை. யாருக்கு அனுமதி உண்டு என்ற விவரம் அரசவைப் பகுதியில் இருக்கிறது."

"தொறந்து பாருங்களேன்."

"அது நின்றிருக்கிறது, ஐயா."

நாகசுந்தரம் காதைச் சொறிந்துகொண்டார். "சரி, மன்னருக்குக் கோப்பு போட்டு ஒப்புதல் வாங்கிடறேன்."

"கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன."

"அப்ப அரசவையைத் தொடங்கினாத்தான், அரசவையைத் தொடங்கலாமான்னு கேக்கவே முடியும்."

"ஆம், ஐயா."

அவர் அந்த விடையின் அழகை ஒரு பழைய நிர்வாகிக்குரிய பரவசத்தோடு சுற்றிச்சுற்றிப் பார்த்தார். தவறு யாருடையதும் அல்ல. பொறுப்பு யாருக்கும் இல்லை. நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது. பிறகு ஏசிக்கு நேராக ஒரு கல்லைப் புரட்டிப் போட்டு அமர்ந்தார். "நான் இந்தப் பக்கம் வரவே இல்லைன்னு வெச்சுக்குங்க."

"வந்ததாகப் பதிவாகாது, ஐயா. வருகைப் பதிவும் அங்கேதான்."

கரடி அந்தக் கோடையில் முதன்முறையாகச் சிரித்தார்.

இப்படியாக அரசவையின் பலகைகள் ஒவ்வொன்றாகக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்களும் குடித்தார்கள். முதலை இளைத்தது.

அரண்மனையில் சேமித்திருந்த தண்ணீர் தீர்ந்துபோகவே, ஒருநாள் மன்னர் தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வந்தார். அவர் ஒருபோதும் வரிசையில் நின்றதில்லை. அவருக்கு அரச முன்னுரிமை உண்டு. நேரே படியிறங்கித் தலையைக் குனிந்தார். தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கண்கள் எழும்பின.

"சீட்டு இருக்குங்களா?" என்றது முதலை.

"எம்மைத் தெரியவில்லையா?"

"நல்லாத் தெரியுது, மன்னா. ஆனா முன்னுரிமைப் பேரெல்லாம் தெனமும் அரசவையிலேர்ந்து எனக்கு வரும். கொஞ்ச நாளா வரல. பேரு வராத வரைக்கும் நீங்க சீட்டு இல்லாத மிருகம். விதியை நான் மீற முடியாது பாருங்க." முதலை வாயைத் திறந்தது. நெடுநாள் பசியின் பணிவு அதில் இருந்தது. "ரெண்டாவது தடவை கேக்கறதில்ல. மன்னருங்கறதால கேக்கறேன். சீட்டு?"

மன்னர் பற்களைப் பார்த்தார். ஒரு படி பின்வாங்கினார், இன்னொரு படியும். பிறகு, தாமே விரும்பி உலாவச் செல்பவர் போல வாலை நிமிர்த்திக்கொண்டு கரையேறி, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

அவருக்கு முன்னால் சொர்ணவல்லி நின்றிருந்தாள். கன்று சிங்கத்தைக் கண்டு அவள் வயிற்றின் கீழ் ஒதுங்கியது. வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் உண்ணக்கூடாது என்பது குளத்தின் விதி; மன்னர் இப்போது வரிசையில் இருந்தார்.

"வாங்க மன்னா," என்றாள் சொர்ணவல்லி. "பயப்படாதீங்க, இப்பெல்லாம் சட்டுனு நகருது. அரசவை இன்னும் எழுந்திருக்கலையா?"

"மறுதொடக்கம் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது," என்றார் மன்னர் கம்பீரமாக.

"அவசரமே இல்ல. நிதானமா நடக்கட்டும்."

வரிசை நகர்ந்தது. மன்னரும் ஓர் அடி முன்னால் வைத்தார்.

நீதி: அரசை நிறுத்துவது ராஜத்துரோகம், அதை மறுதொடக்கத்திலேயே வைத்திருப்பது பராமரிப்புப் பணி.